தானியமும் கிழங்கும் சேர்ந்த சாலட்: ஒரு வேளைச் சாப்பாடாகவே செய்யும் முறை

சாலட் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, வட்டமாக அரிந்த வெள்ளரியும் தக்காளியும் வெங்காயமும் தட்டின் ஓரத்தில் அடுக்கப்பட்டு, பிரியாணிக்குத் துணையாக வந்து, பெரும்பாலும் தொடப்படாமலேயே திரும்பிப் போகும் காட்சிதான். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒருவர் பிற்பகல் முழுவதும் வேலை பார்க்க முடியாது. இங்கே நான் எழுதப்போவது வேறு வகை. வேகவைத்த முழுத்தானியம், ஆவியில் வெந்தோ கல்லில் சிவந்தோ வந்த கிழங்கு, ஒரு பிடி கடலை அல்லது பயறு, புளிப்பும் எண்ணெயும் கலந்த சாறு, கடைசியில் தூவும் பச்சைத் தழை ஆகிய ஐந்தும் சேர்ந்தால், மதியச் சோற்றின் இடத்திலேயே வைக்கத்தக்க ஓர் உணவு கிடைக்கிறது.

இது நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டியதில்லை. இராமநவமிக்குப் பானகத்தோடும் நீர்மோரோடும் வைக்கும் கோசுமல்லி, ஊறிய பாசிப்பருப்பும் துருவிய காரட்டும் எலுமிச்சைச் சாறும் கடுகுத் தாளிப்பும் சேர்ந்த சாலட்டே ஆகும். ஆனால் தானிய சாலட்டுக்கு அதைவிட நெருங்கிய உறவு புளியோதரை. நல்ல புளியோதரை செய்பவர் சாதத்தை வடித்தவுடன் அகலமான தாம்பாளத்தில் கொட்டி, மேலே நல்லெண்ணெயைச் சுற்றிலும் விட்டு, கரண்டிக் காம்பால் மெதுவாகப் புரட்டி, பருக்கை பருக்கையாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைத் தொடுகிறார். தானிய சாலட்டின் நுட்பம் முழுவதும் அந்தத் தாம்பாளத்தில் இருக்கிறது. தானியமும் கிழங்கும் தனித்தனியே வேக வேண்டும், தனித்தனியே ஈரம் உலர வேண்டும், அதன் பிறகே ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

இதை நான் ஒரு கசப்பான பாடத்தின் வழியாகவே கற்றேன். முதல் முறை வரகரிசியையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரே குக்கரில் வைத்து, மூன்று விசில் விட்டு, சூட்டோடு எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவி விருந்தினருக்கு வைத்தேன். வந்திருந்த பெரியவர் ஒருவர் இரண்டு கவளம் உண்டுவிட்டு, "பொங்கல் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் மிளகு மட்டும் போட்டிருக்கலாம்" என்றார். அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

தானியத்தைத் தேர்ந்தெடுத்தலும் வேகவைத்தலும்

சாலட்டுக்கு ஏற்ற தானியம், பல்லுக்குச் சற்று வேலை வைப்பதாக இருக்க வேண்டும். அந்த அளவுகோலால் பார்த்தால் என் கணக்கில் முதலிடம் முழுச் சோளத்துக்குத்தான். இங்கே சோளம் என்று நான் சொல்வது வெள்ளைச் சோளம் அல்லது செஞ்சோளத்தை; கதிராகச் சுட்டுத் தின்னும் மக்காச்சோளத்தை அன்று. வெந்த பிறகும் அதன் மணி உருண்டை குலையாமல், மேல்தோல் மெல்லிய எதிர்ப்புக் காட்டி, உள்ளே மாவாக இருக்கும். எவ்வளவு சாறு ஊற்றினாலும் குழைவதில்லை. அடுத்த இடத்தில் மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளையும் பார்லியையும் முழுச் சம்பாக் கோதுமையையும் வைக்கலாம். சாமை, வரகு, தினை, குதிரைவாலி ஆகிய சிறுதானியங்கள் சுவையில் குறைந்தவை அல்ல. ஆனால் மணி சிறியது, உமி நீக்கியது என்பதால் இரண்டு நிமிடக் கவனக்குறைவுக்கே களியாகிவிடும். கம்பை நான் சாலட்டுக்கு எடுப்பதில்லை. அதன் தனி வாடை கூழுக்கும் மோருக்கும் பொருந்துவதுபோல எலுமிச்சைக்குப் பொருந்துவதில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு. கினோவா கையில் இருப்பவர்கள் சாமைக்குச் சொல்லும் முறையையே பின்பற்றலாம். அதன் மேல் ஒட்டியிருக்கும் கசப்பு போகும்வரை நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும்.

சோளத்தை 10 முதல் 12 மணி நேரம் ஊற வைக்க வேண்டும். முதல் நாள் இரவு தோசைக்கு அரிசி ஊறப்போடும் பழக்கம் உள்ள வீட்டில் இது தனி வேலையே அன்று. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, 1 டம்ளர் சோளத்துக்கு 3 டம்ளர் புதுத் தண்ணீரும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, குக்கரில் 5 அல்லது 6 விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து 15 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோளத்துக்குச் செல்லாது. பழைய மணியும் புது மணியும் கலந்து வருவதால் ஒன்று வெந்திருக்கும்போது அடுத்தது வேகாமலிருக்கும். ஐந்தாறு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, நடுவில் வெள்ளைப் பொட்டுப்போல மாவு தெரிந்தால் மேலும் 2 விசில் விடவும்.

சிறுதானியத்துக்குக் குக்கர் வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு என்று அளந்து தண்ணீர் வைக்கும் முறை, சாதமாகக் குழம்பு விட்டுப் பிசைந்து சாப்பிடச் சரி. சாலட்டுக்குச் சோறு வடிப்பதுபோல வடிப்பதே நல்லது. அகன்ற பாத்திரத்தில் 1 டம்ளர் சாமைக்கு 6 டம்ளர் தண்ணீரை உப்பிட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்து, கழுவிய சாமையை அதில் போட்டு, ஒரு முறை கிளறிவிட்டு, மூடாமல் வேகவிட வேண்டும். ஏழாவது நிமிடத்திலிருந்து எடுத்துக் கடித்துப் பார்க்கத் தொடங்குங்கள். சாமையும் குதிரைவாலியும் பெரும்பாலும் 7 முதல் 10 நிமிடத்தில் வந்துவிடும். வரகுக்கும் தினைக்கும் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். பாலிஷ் செய்யாத தானியம் என்றால் அதற்கு மேலும் சற்று நேரம் கொடுக்க வேண்டும். முக்கால் பதத்தைத் தாண்டி, முழுப்பதத்துக்கு ஒரு மூச்சு முன்னால் கண் நெருக்கமான வடிதட்டில் கொட்டிவிட வேண்டும். மிச்ச வேக்காட்டை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். வடிக்கும்போது வெளியேறும் கஞ்சியோடு பருக்கைகளை ஒட்டவைக்கும் பசையும் போய்விடுகிறது என்பதுதான் இந்த முறையின் பயன்.

சிறுதானியத்தில் நுண்கல் கிடக்கும். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, அழகான பொட்டலங்களில் சுத்தம் செய்ததென்று எழுதி விற்பது பெருகிவிட்டது. இருந்தாலும் அரிக்காமல் உலையில் போடாதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு லேசாகச் சுழற்றிச் சுழற்றித் தானியத்தை அடுத்த பாத்திரத்துக்கு மாற்றினால், கல் அடியில் தங்கிவிடும். சாதத்தில் வரும் கல்லைக் குழம்பின் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். சாலட்டில் வறுத்த கடலையின் மொறுமொறுப்போடு அது ஒளிந்துகொள்கிறது. பல்லில் பட்ட பிறகுதான் தெரியும்.

மாப்பிள்ளைச் சம்பாவை 8 மணி நேரமாவது ஊற வைத்து, திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வரை வேகவைத்து வடிக்கலாம். பார்லிக்கு ஊறல் கட்டாயமில்லை; அரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

இனித் தாம்பாளம். வடிந்த தானியத்தை, சூடு தணிவதற்குள், அகலமான தட்டில் ஒரு விரற்கடைக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, 1 டம்ளர் தானியத்துக்கு 2 தேக்கரண்டி நல்லெண்ணெயைத் தெளித்து, விரல் நுனியாலோ கரண்டிக் காம்பாலோ கோதிவிட வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் பளபளவென்று ஈரமாகத் தெரியும் பரப்பு, மின்விசிறிக் காற்றில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மங்கலாகி, தட்டைச் சாய்த்தால் மணிகள் மணல்போலச் சரியத் தொடங்கும். அந்தச் சரிவுதான் அடையாளம். அதற்கு முன் கலந்தால் சாறு உள்ளே இறங்காமல் வெளி ஈரத்தில் நீர்த்துப்போய்த் தட்டின் அடியில் தேங்கும். ஆறும்போது தானியத்தின் மாவுச்சத்து மறுபடியும் இறுகிக்கொள்வதால் மணி விறைப்பாகிறது. நேற்றைய சாதம் குளிர்பெட்டியில் விறைத்துப்போவதும் இதனால்தான். சாதத்தில் குறையாகத் தெரியும் அந்தக் குணம் சாலட்டில் நிறையாக மாறுகிறது. அப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காது என்பதால் பசியும் சற்றுத் தாமதமாகத் திரும்பலாம்.

கிழங்குகள்

கிழங்கைத் தண்ணீரில் மூழ்க வைத்து வேகவைப்பதைக் கூடியவரை தவிர்க்கவும். அது குடிக்கும் தண்ணீர் முழுவதும் பிறகு சாலட்டில் கசியும். இட்லிப் பானையே இதற்குப் போதுமான கருவி. 2 சென்டிமீட்டர் கட்டமாக நறுக்கிய காரட், உருளை, நூல்கோல் துண்டுகளை இட்லித் தட்டில் பரப்பி ஆவியில் 8 முதல் 12 நிமிடம் வைத்து, கத்திமுனை சற்றுத் தடுத்து இறங்கும் பதத்தில் எடுத்து, துணியில் கொட்டி ஆவி அடங்கவிட்டு, பிறகு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஓரங்கள் சிவக்கும்வரை விட்டுவிட வேண்டும். இந்த இடத்தில் கரண்டி கையில் இருந்தால் கிளறத் தோன்றும். கரண்டியைக் கீழே வையுங்கள். மூன்று நிமிடம் தொடாமல் விட்டால்தான் அடிப்பக்கம் சிவந்து, கல்லை விட்டுத் தானாகக் கழன்று வரும். ஓவன் வைத்திருப்பவர்கள் எண்ணெயில் புரட்டிய துண்டுகளை 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 35 நிமிடம் வைத்தால், ஆவியும் கல்லும் இல்லாமலேயே இதே பலன் கிடைக்கும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காக இருக்க வேண்டும். நெருக்கி வைத்தால் சிவக்காமல் புழுங்கிப்போகும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு விதிவிலக்கு. மெதுவாகச் சூடேறும்போது அதிலுள்ள நொதி ஒன்று மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஆகையால் அடுப்பு அணைந்த பிறகு தணலில் புதைத்துச் சுட்டது, அவசரத்தில் குக்கரில் வெந்ததைவிட இனிக்கும். தணல் இல்லாத வீட்டில், தோலோடு முழுதாக ஓவனிலோ மூடிய கனமான வாணலியில் சிறு தீயிலோ முக்கால் மணி நேரம் வைத்து, ஆறிய பின் தோலுரித்து நறுக்கலாம். சூட்டோடு நறுக்கினால் கத்தியோடு மசிந்து வரும்.

பீட்ரூட்டுக்கு இரண்டு குறைகள் சொல்வார்கள்: மண் வாடை, ஊரையே சிவக்க வைக்கும் சாயம். மண் வாடைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளே கோடையின் முதல் மழையில் தரையிலிருந்து எழும் மணத்திலும் இருக்கிறது. அதை முற்றத்தில் நின்று முகர்பவர்களே தட்டில் வந்தால் முகம் சுளிப்பது வேடிக்கைதான். புளிப்பு பட்டால் அந்த வாடை தணிந்துவிடும் என்பதால், பீட்ரூட்டை மட்டும் வெந்த சூட்டிலேயே எலுமிச்சைச் சாற்றில் புரட்டித் தனியே வைக்க வேண்டும். சாயம் தண்ணீரில் கரைவது. ஆகவே தோல் சீவாமல், ஒரு அங்குலத் தண்டையும் வால்வேரையும் விட்டு, முழுதாக வேகவைத்தால் நிறம் உள்ளேயே நிற்கும். குக்கரில் நடுத்தர அளவுக் கிழங்குக்கு 4 விசில் போதும். ஆறியதும் கட்டைவிரலால் தள்ளினாலே தோல் கழன்றுவிடும். கலக்கும்போது பீட்ரூட் கடைசியாக, மேலாக மட்டுமே சேர வேண்டும்.

சேனைக்கிழங்கை நம் சமையலறைகள் சாலட்டுக்கு நினைப்பதே இல்லை. எனக்கோ, கல்லில் சிவந்த சேனையை விடச் சாலட்டுக்குப் பொருத்தமான கிழங்கு வேறில்லை என்று தோன்றும். அது நமைப்பது, ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலிலும் தொண்டையிலும் குத்துவதால். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கிழங்கும் கையும் ஈரமில்லாமல் இருக்கும்போதே தோல் சீவி, துண்டுகளை மஞ்சள் சேர்த்த நீர்த்த புளித்தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தக் கிழங்குக்கு மட்டும் தண்ணீரில் வேகவைக்கும் விதிவிலக்கைத் தருகிறேன். புளி விட்ட பிறகு காய் வேகாது என்று வீட்டில் சொல்வது உண்மை: புளிப்பு, காயின் அணுக்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்துகிறது. குழம்பில் தொல்லையாகும் இது, சேனை கரையாமல் கட்டம் கட்டமாக நிற்க இங்கே உதவுகிறது. வெந்ததைத் துணியில் ஒற்றிக் கல்லில் போட்டால், நான்கு முனையும் மொறுமொறுப்பாகும்.

மரவள்ளியைப் பச்சையாக ஒரு கடிகூடக் கடிக்கக் கூடாது. அதில் சயனைடைத் தரும் பொருள்கள் உள்ளன. தடித்த தோலையும் நடுநாரையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். கசந்தால் அந்தக் கிழங்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். தை மாதத்தில் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் கிடைக்கும் சிறுகிழங்கு, கிடைக்கிற சில வாரங்களுக்கு மற்றெல்லாக் கிழங்கையும் மறக்கச் செய்துவிடும். சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலைக் கழற்றி, ஆவியில் வேகவைத்து, உடைக்காமல் முழுதாகவே சேர்க்கலாம். முள்ளங்கியை வேகவைக்கவே வேண்டாம். வட்டமாக மெல்லியதாகச் சீவிப் பச்சையாகப் போட்டால், மாவுச்சுவையே நிறைந்த இந்தத் தட்டில் அதன் சுருக்கென்ற காரம் வேண்டிய மாற்றத்தைத் தரும்.

சாறும் தாளிப்பும்

இலைக் காய்கறிகளுக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பது பரவலான கணக்கு. தானியமும் கிழங்கும் புளிப்பையும் உப்பையும் விழுங்கிவிடுபவை. அவற்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்று வைத்தாலே மறுநாள் சப்பென்று ஆகாமல் இருக்கும். எண்ணெயைக் குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரட்டிலும் செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளியிலும் உள்ள கரோட்டின் கொழுப்பில் கரைவது. எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி உடலில் சேராது. எலுமிச்சைக்கும் சுவையைத் தவிர வேறு வேலை உண்டு: தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அதன் வைட்டமின் சி உதவுகிறது.

எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், உப்பு, இடித்த மிளகு ஆகியவை எதற்கும் பொருந்தும் அடிப்படைச் சாறு. கிழங்கின் இனிப்புக்கு எதிராக நிற்கக் கெட்டியாகக் கரைத்த புளியும் துளி வெல்லமும் நன்று. பீட்ரூட்டுக்குக் கெட்டித் தயிர். எதுவானாலும் சாற்றின் பாதியைத் தானியம் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஊற்றிப் புரட்ட வேண்டும். சூடுள்ள மணி சாற்றை உள்ளிழுக்கும், குளிர்ந்தது வெளியே நிறுத்திவிடும். மறுபாதி பரிமாறும் நேரத்துக்கு. தயிர் மட்டும் முழுதும் ஆறிய பிறகே சேர வேண்டும்.

தாளிப்பைச் சாலட்டின் மேல் கொட்டிய பிறகு மூடி வைக்காதீர்கள். கடுகும் உளுத்தம்பருப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் பொரிந்து சேரும் மொறுமொறுப்பு, மூடியின் ஆவியில் ஐந்து நிமிடத்தில் பதத்துப்போகும்.

சோளம், சர்க்கரைவள்ளி, வேர்க்கடலை

நான்கு பேருக்கு 1 டம்ளர், அதாவது சுமார் 200 கிராம் சோளம் போதும். வெந்தால் ஏறத்தாழ 2½ டம்ளராகும். அதனுடன் 400 கிராம் சர்க்கரைவள்ளி, 2 நடுத்தரக் காரட், 4 முள்ளங்கித் துண்டங்களிலிருந்து சீவிய வட்டங்கள், அரை டம்ளர் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை, ஒரு பெரிய பிடி கொத்தமல்லித் தழை, பத்து சின்ன வெங்காயம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளவும். சாற்றுக்கு நெல்லிக்காய் அளவுப் புளி, 1 தேக்கரண்டி வெல்லத்தூள், 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், உப்பு, கால் தேக்கரண்டி வறுத்துப் பொடித்த சீரகம், ஒரு பச்சை மிளகாய் வேண்டும்.

புளியை 3 மேசைக்கரண்டி வெந்நீரில் ஊற வைத்துக் கெட்டியாகக் கரைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியதும் சீரகப்பொடியும் எண்ணெயும் சேர்த்து, மூடியுள்ள புட்டியில் குலுக்கினால் சாறு சற்றுக் கட்டியாகும். நாக்கில் வைத்தால் தனியே குடிக்க முடியாத அளவுக்குப் புளிப்பும் உப்பும் தூக்கலாக இருக்க வேண்டும். சோளம் இதைத் தணித்துவிடும். சின்ன வெங்காயத்தை மெல்லிய வட்டமாக அரிந்து, இந்தச் சாற்றில் ஒரு கரண்டியில் ஊற வைத்தால் அதன் காட்டம் குறைந்து இளஞ்சிவப்பாகும்.

தாம்பாளத்தில் ஆறிக்கொண்டிருக்கும் சோளத்தைக் கையில் அள்ளிப் பாருங்கள். உள்ளங்கையில் இதமான சூடு இருக்கும்போதே சாற்றின் பாதியை விட்டுப் புரட்டி, பத்து நிமிடம் விட்டுவிடவும். அதற்குள் காரட்டைக் கல்லில் சிவக்க வைத்துவிடலாம். பிறகு அகலமான பாத்திரத்தில் சோளம், அதன்மேல் காரட், வெங்காயம், பச்சை மிளகாய் என்று சேர்த்து அடியிலிருந்து மேலாக மூன்று நான்கு முறை புரட்டி, கடைசியில் சர்க்கரைவள்ளித் துண்டுகளைச் சேர்த்து ஒரே ஒரு முறை மட்டும் புரட்டவும். அது மசிந்து சோளத்தில் பூசிக்கொண்டால் அழகும் போகும், உதிரியும் போகும். முள்ளங்கி, வேர்க்கடலை, கொத்தமல்லி, மிச்சச் சாறு ஆகியவை உண்ண உட்காரும்போதுதான். உப்புப் பட்ட முள்ளங்கி கால் மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும் என்பதால் இதில் சலுகை கிடையாது. வேர்க்கடலையை அலங்காரமாக எண்ணிக் குறைத்துவிடாதீர்கள். தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. வேர்க்கடலை அதை ஓரளவும், பயறும் பருப்பும் நன்றாகவும் ஈடுசெய்கின்றன. சோற்றோடு பருப்பு என்ற பழைய ஏற்பாட்டின் பலனும் அதுவே.

இதே வழியில் இன்னும் இரண்டு

மாப்பிள்ளைச் சம்பாவும் சேனையும் சேர்ந்தது, கூட்டத்துக்குச் செய்ய ஏற்றது. ஆறிய 3 டம்ளர் சாதத்துக்கு, புளித்தண்ணீரில் வெந்து கல்லில் சிவந்த 300 கிராம் சேனை, 2 எலுமிச்சையின் சாறு, ஊறிய பாசிப்பருப்பு ஒரு பிடி, துருவிய தேங்காய் ஒரு பிடி, இஞ்சித் துருவல் என்று எடுத்து, 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, எண்ணெயோடு கொட்டிப் புரட்ட வேண்டும். இங்கே தாளித்த எண்ணெயே சாற்றின் எண்ணெய், தனியே வேண்டாம். தேங்காய் சேர்ந்ததை அன்றே தீர்த்துவிடவும்.

பார்லியும் பீட்ரூட்டும் தயிரும் கோடைக்கு. குளிர்ந்த 2 டம்ளர் பார்லியை, கடைந்த அரை டம்ளர் கெட்டித் தயிர், நசுக்கிய ஒரு பல் பூண்டு, உப்பு, பொடியாக அரிந்த புதினாவோடு கலந்து தட்டில் பரப்பி, எலுமிச்சையில் ஊறிய பீட்ரூட் துண்டுகளை மேலே அடுக்கி, கலக்காமலேயே மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். உண்பவர் கரண்டி போடும் இடத்தில் மட்டும் வெள்ளையில் சிவப்பு ஓடட்டும்.

வைத்திருந்து சாப்பிடுவது

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தானியத்தையும் கிழங்கையும் செய்து வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாள் மதியத்துக்கு ஆகும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெந்த தானியத்தை ஆறட்டும் என்று மேடையில் மாலைவரை விட்டுவிடக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தானியத்தில் தங்கியிருந்து, அறைச் சூட்டில் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு சூடாக்கினாலும் அந்த நச்சு போவதில்லை. தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்புவது இங்கேயும் கைகொடுக்கிறது: அரை மணி நேரத்தில் ஆறிவிடும், ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விடலாம். தானியம் ஒரு டப்பாவில், கிழங்கு இன்னொன்றில், சாறு புட்டியில் என்று தனித்தனியே இருக்கட்டும். தழையைக் கழுவாமல் காகிதத்தில் சுற்றி வைத்தால் வாடாது.

சாப்பாட்டுப் பெட்டியில் கட்டும்போது அடியில் சாறு, அதன்மேல் தானியம், பிறகு கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே தழை என்ற வரிசையில் நிரப்பி, கடலையைத் தனிப் பொட்டலமாக வைக்கவும்; சாப்பிடும் நேரத்தில் ஒரு முறை கவிழ்த்துக் குலுக்கினால் போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உப்பும் புளிப்பும் மந்தமாகத் தெரியும். கால் மணி நேரம் வெளியே வைத்து, எலுமிச்சை அரை மூடியைப் பிழிந்துகொண்டால் சுவை திரும்பிவிடும். மூன்றாம் நாள் சோளமும் கிழங்கும் மிஞ்சினால் சாலட்டாகத் தொடர வேண்டாம். அடைமாவில் கலந்து, முருங்கைக்கீரை ஒரு பிடி உருவிப் போட்டு, இரும்புக் கல்லில் கனமாக வார்த்து, நடுவில் ஒரு துளையிட்டு எண்ணெய் விடுங்கள்.